முதல் எபிசோட் எழுத வரும் பிள்ளைகளுக்கு: ‘ட்வின் பீக்ஸ்’ பைலட்டை முன்வைத்துச் சில அறிவுரைகள்

மர்மத் தொடர் எழுத வேண்டும் என்று வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். முதல் எபிசோடை எப்படி ஆரம்பிப்பது? ‘ட்வின் பீக்ஸ்’ பைலட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்பேன். 1990 ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, அமெரிக்காவின் ஏபிசி சேனலில் அது ஒளிபரப்பானது. டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் சேர்ந்து எழுத, லிஞ்ச் இயக்கினார். விளம்பரங்களைக் கழித்தால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அன்றிரவு மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள்.

கதையைச் சொல்ல ஒரு மூச்சு போதும். வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லைக்குப் பக்கத்தில், மரம் அறுத்துப் பிழைக்கும் ஓர் ஊர். லாரா பாமர் என்ற பள்ளி மாணவியின் உடல், பிளாஸ்டிக் தாளில் சுற்றப்பட்டுத் தண்ணீரோரம் ஒதுங்குகிறது. யார் கொன்றது?

பார்த்துவிட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் தப்பான பாடத்தைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். ‘சார், புரியாத மாதிரி எடுத்தால் போதும்’ என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. எந்தப் பிரதியைப் பார்க்கிறீர்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தப் பைலட்டுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஐரோப்பாவில் தனிப்படமாக விற்பதற்காக, கதை அங்கேயே முடிகிற மாதிரி ஒரு முடிவையும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்காக லிஞ்ச் சுமார் 20 நிமிடக் காட்சிகளைத் தனியாகச் சேர்த்தார். சிவப்புத் திரைச்சீலை தொங்கும் அறை, கோணல்மாணல் கோடு போட்ட தரை, வசனத்தைப் பின்னாலிருந்து முன்னாகப் பேசவைத்து ஒலியைத் திருப்பி ஓட்டிய அந்த விநோதக் குரல், எல்லாம் அந்த முடிவில் வருபவை. பிறகு அவற்றில் ஒரு பகுதியைத் தொடரின் மூன்றாவது எபிசோடில் கனவுக் காட்சியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் அன்று ஒளிபரப்பான பைலட்டில் சிவப்பு அறையே கிடையாது. ஆனாலும் பார்த்தவர்கள், ஏதோ கனவுக்குள் போய்வந்த மாதிரி இருக்கிறது என்றார்கள். அறை இல்லாமலே அந்தக் கனவு எங்கிருந்து வந்தது? அதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வீட்டுப்பாடம். ஆகவே ஏபிசி வடிவத்தை முதலில் பாருங்கள். இன்னொன்றைப் பிறகு பார்க்கலாம்.

2. கனவுக்கு முன்னால் ஊரைக் கட்டுங்கள்.

லிஞ்சும் ஃப்ராஸ்டும் வசனம் எழுதும் முன் அந்த ஊருக்கு ஒரு வரைபடம் போட்டார்கள். மர ஆலை எங்கே, ஓட்டல் எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, ஏரி எங்கே என்று முதலில் முடிவு செய்தார்கள். பிறகுதான் அந்தத் தெருக்களில் ஆட்கள் நடமாட ஆரம்பித்தார்கள். ஷூட்டிங்கும் நிஜ ஊர்களில்தான், வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்னோகுவால்மி, நார்த் பெண்ட் பகுதிகளில். அருவியும் நிஜம், அதன் தலைமேல் நிற்கும் ஓட்டலும் நிஜம், செர்ரி பை விற்கும் சாப்பாட்டுக் கடையும் நிஜம்.

டைட்டில் காட்சிகளை அவசரப்படாமல் பாருங்கள். கிளையில் ஒரு சின்னக் குருவி. ஆலையின் புகைபோக்கி. ரம்பப் பற்களுக்குச் சாணை பிடிக்கும் இயந்திரம், தெறிக்கும் நெருப்புப்பொறி. மலைச்சாலையோரம் ஊர்ப் பலகை, ஜனத்தொகை 51,201. பேரிரைச்சலாகக் கொட்ட வேண்டிய அருவி, மெல்லிய இசையின் கீழே மெதுவாக விழுகிறது. ஒரு கொலை இல்லை, ஒரு முகம்கூட இல்லை. ஆனாலும் குருவிக்கும் ரம்பத்துக்கும் நடுவில் அந்த ஊரின் இரண்டு குணங்களும் வந்துவிட்டன. காட்டின் அழகும் அந்தக் காட்டை அறுத்துப் பிழைக்கும் பிழைப்பும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன.

உங்கள் கதைக்கும் இப்படி ஒரு ஊர் வேண்டும். அங்கே யார் எதை விற்றுச் சாப்பிடுகிறார் என்று தெரியாமல் அமானுஷ்யத்துக்குள் இறங்காதீர்கள்.

3. முதல் ஷாட்டிலேயே விஷயம் இருக்கட்டும்.

டைட்டில் முடிந்ததும் நாம் பார்க்கும் முதல் மனித முகம், ஆலை முதலாளியம்மா ஜோசியின் முகம். அதையும் நேராகக் காட்டவில்லை, கண்ணாடியில் பிரதிபலிப்பாகக் காட்டுகிறார்கள். ஒப்பனை செய்துகொண்டு தனக்குள் ஏதோ முனகுகிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் பீட் என்ற பெரியவர் தூண்டிலோடு மீன்பிடிக்கக் கிளம்புகிறார், பிளாஸ்டிக் மூட்டையைப் பார்க்கிறார்.

கடைசிக் காட்சியிலும் ஒரு கண்ணாடி இருக்கிறது. லாராவின் தாய் சாரா சோபாவிலிருந்து அலறி எழும்போது, அவளுக்குப் பின்னால் சுவரில் அது தொங்குகிறது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில்தான் இந்த ஒன்றரை மணி நேரமும் நடக்கிறது. இங்கே எல்லாருக்கும் இன்னொரு முகம் உண்டு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

உங்கள் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். கதை எதைப் பற்றியது என்பது அங்கே ஒரு பொருளாகவோ செயலாகவோ இருக்கிறதா? இல்லையென்றால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

4. கொலையைவிட, சாவுச் செய்தி பரவுவதை எழுதுங்கள்.

இந்தப் பைலட்டில் கொலையை யாரும் நமக்குக் காட்டுவதில்லை. செய்தி வீடு வீடாகப் போவதைத்தான் காட்டுகிறார்கள். ஆரம்பக்காரர்கள் பாடமாகவே வைத்துப் படிக்க வேண்டிய பகுதி இது.

காலையில் மகளைக் காணவில்லை. சாரா மாடியை நோக்கிக் கூப்பிடுகிறாள், பதில் இல்லை. தெரிந்த இடங்களுக்கெல்லாம் போன் போடுகிறாள். கடைசியில் ஓட்டலில் வெளிநாட்டு முதலீட்டாளர்களோடு கூட்டத்தில் இருக்கும் கணவன் லீலண்டைக் கூப்பிடுகிறாள். அவர் போனில் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஷெரிஃப் உள்ளே வருகிறார். ஷெரிஃபின் பெயரை லீலண்ட் உச்சரிப்பது போனில் அவள் காதில் விழுகிறது. அவ்வளவுதான், அவளுக்குப் புரிந்துவிடுகிறது. ‘உங்கள் மகள் இறந்துவிட்டாள்’ என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. லீலண்டின் கையிலிருந்து ரிசீவர் நழுவுகிறது. கேமரா அவர் முகத்தை விட்டுவிட்டு, சுருள் சுருளான போன் வயரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்குகிறது. தொங்கும் ரிசீவருக்குள்ளிருந்து ஒரு தாயின் ஓலம் கேட்கிறது.

அடுத்தது பள்ளிக்கூடம். வகுப்பில் வருகைப் பதிவு. ஒரு போலீஸ்காரர் வந்து ஆசிரியையிடம் ஏதோ மெதுவாகச் சொல்கிறார். வெளியே ஒரு பெண் கத்திக்கொண்டே ஓடுகிறாள். லாராவின் தோழி டோனா திரும்பி, காலியாக இருக்கும் நாற்காலியைப் பார்க்கிறாள். பிறகு லாராவின் ரகசியக் காதலன் ஜேம்ஸைப் பார்க்கிறாள். அவள் முகம் உடைகிறது. ஜேம்ஸின் கையில் பென்சில் முறிகிறது. தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் அறிவிப்பது இதற்கெல்லாம் பிறகுதான். அவரும் பேசி முடித்து அழுகிறார். கேமரா ஆளில்லாத நடைவழியில் நகர்ந்துபோய், கோப்பைகள் வைத்த கண்ணாடி அலமாரிக்குள் சிரிக்கும் லாராவின் படத்தில் நிற்கிறது.

இந்தக் காட்சிகளில் விசித்திரம் என்று எதுவும் இல்லை. ஒரு போன், ஒரு நாற்காலி, ஒரு பென்சில். வந்திருக்க வேண்டிய ஒருத்தி வரவில்லை என்பதை இந்தச் சாமான்கள் சொல்லிவிடுகின்றன. வாயால் சொல்லியிருந்தால் அது தகவலாகப் போயிருக்கும்.

5. அழுகையைச் சீக்கிரம் வெட்டாதீர்கள்.

தொலைக்காட்சிப் போலீஸ் கதைகளில் செத்தவருக்காக அரை நிமிடம் அழுவார்கள், பிறகு துப்பு தேடக் கிளம்பிவிடுவார்கள். லிஞ்ச் அந்தக் கணக்கை உடைத்தார். இங்கே அழுகை நாம் எதிர்பார்க்கும் இடத்தில் நிற்பதில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நீள்கிறது. முதலில் இரக்கம் வருகிறது. பிறகு சங்கடமாக இருக்கிறது. அதற்கும் பிறகு, இது நிஜமா நடிப்பா என்று மனது தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தில்தான் கனவு உள்ளே நுழைகிறது.

சடலத்தைப் படமெடுக்க வந்த ஆண்டி என்ற போலீஸ்காரர் கேமராவைப் பிடித்துக்கொண்டு விம்முகிறார். போன வருஷமும் ஒரு களஞ்சியத்தில் இப்படித்தான் அழுதாய் என்று ஷெரிஃப் கடிந்துகொள்கிறார். நமக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்துவிட்டோமே என்று உடனே கூச்சமும் வருகிறது. துக்கத்தையும் சிரிப்பையும் தனித்தனி சீனாகப் பிரித்து வைக்காமல் ஒரே ஃப்ரேமில் உட்காரவைத்தால் பார்ப்பவர் கால் பதிக்க இடமில்லாமல் தவிப்பார். மீயதார்த்தம், சர்ரியலிசம் என்றெல்லாம் பெரிய பெயர் வைப்பதற்கு முன் இந்தச் சின்ன விஷயத்தைக் கைவசப்படுத்துங்கள்.

மாடிப்படிக்கு மேலே சுழலும் மின்விசிறி, இரவுக் காற்றில் ஆடும் போக்குவரத்து விளக்கு, இரண்டும் இப்படித்தான் பயமுறுத்துகின்றன. பேய் கீய் ஒன்றும் அங்கே இல்லை. வழக்கமாகப் பார்ப்பதைவிட நான்கு விநாடி அதிகமாகப் பார்க்க வைத்தார்கள். இந்த எபிசோடின் எடிட்டர் டுவேன் டன்ஹமுக்கு எம்மி விருது கிடைத்தது சும்மா இல்லை.

6. துப்பறிபவர் தாமதமாக வரட்டும், வேறு சுரத்தில் வரட்டும்.

எஃப்பிஐ ஏஜென்ட் டேல் கூப்பர் அரை மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் வருகிறார். அதற்குள் ஊர் அழுது களைத்துவிட்டது, நாமும்தான். அப்போது காரை ஓட்டிக்கொண்டே கையிலுள்ள டேப் ரெக்கார்டரில் டயேன் என்பவரிடம் பேசிக்கொண்டு ஓர் ஆள் வருகிறார். தேதி பிப்ரவரி 24, நேரம் காலை பதினொன்றரை என்று பதிவு செய்கிறார். சாப்பாட்டுச் செலவு 6 டாலர் 31 சென்ட், செர்ரி பை நன்றாக இருந்தது, வழியெல்லாம் நிற்கிற இந்த மரங்கள் என்ன மரமென்று விசாரிக்க வேண்டும் என்கிறார். அப்புறம் ஷெரிஃபைக் கேட்கவும் செய்கிறார். டக்ளஸ் ஃபிர் என்று பதில் வருகிறது.

சாவு வீட்டுக்கு வந்தவர் இப்படி உற்சாகமாக இருக்கலாமா? இருக்கிறார். ஆனால் அதே ஆள் பிணவறையில் குனிந்து, லாராவின் விரல் நகத்துக்கு அடியிலிருந்து இடுக்கியால் ‘ஆர்’ என்று அச்சிட்ட கடுகளவுத் தாளை உருவி எடுக்கிறார். மரத்தையும் செர்ரி பையையும் ரசிக்கும் கண்தான் அந்த நகத்தையும் பார்க்கிறது. அவரிடம் உள்ள விசித்திரமும் திறமையும் ஒரே குணத்தின் இரண்டு பக்கம்.

உங்கள் துப்பறியும் ஆளுக்குக் குடிப்பழக்கம், செத்துப்போன மனைவி, தூங்காத கண் என்று பழைய சாமான்களை மாட்டிவிடாதீர்கள். அவருக்கு எது பிடிக்கும் என்று யோசியுங்கள்.

7. ஒவ்வொருவருக்கும் இரண்டு வாழ்க்கை கொடுங்கள். இரண்டுமே உண்மையாக இருக்கட்டும்.

இரட்டைத்தன்மை என்றதும் பிள்ளைகள் முகமூடியை நினைத்துக்கொள்கிறார்கள். வெளியே நல்லவன், உள்ளே கெட்டவன், கடைசி எபிசோடில் முகமூடியைக் கழற்று. இது பழைய நாடகக் கம்பெனி உத்தி. லாராவைப் பாருங்கள். பள்ளியின் அழகு ராணி. ஓட்டல் முதலாளியின் மனவளர்ச்சி குன்றிய மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள். ஜோசிக்கு ஆங்கிலம் கற்றுக் கொடுத்தவள். அவளுடைய வங்கிப் பெட்டகத்தைத் திறந்தால் பத்தாயிரம் டாலருக்கும் மேல் பணமும் ஓர் ஆபாசப் பத்திரிகையும் இருக்கின்றன. சாவி வைத்த பையில் கொக்கெயின் தடயம். ஊரறிந்த காதலன் ஒருவன், ரகசியக் காதலன் இன்னொருவன்.

இதில் எது உண்மையான லாரா? இரண்டுமே. பாடம் சொல்லிக் கொடுத்தபோது அவள் நடிக்கவில்லை. இருட்டுக்குள் போனபோதும் நடிக்கவில்லை. நல்லது பொய், கெட்டதுதான் நிஜம் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டால் கதை அம்பலப்படுத்தும் கதையாகச் சுருங்கிவிடும். இரண்டும் நிஜம் என்றால் அது துயரக் கதையாகிறது.

ஊரிலும் இதே கணக்குதான். எட் மணமானவர், மணமான நார்மாவைக் காதலிக்கிறார். பாபி, லாராவின் காதலன், ஷெல்லியோடும் சுற்றுகிறான். ஓட்டல் முதலாளி பென்னுக்கும் ஆலை நிர்வாகி காத்தரினுக்கும் தொடர்பு. யோக்கியமான ஷெரிஃபுக்கும் ஜோசியோடு ரகசிய உறவு. எல்லாரும் எதையோ மறைக்கிறார்கள். ஆனால் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. மறைப்பதெல்லாம் குற்றமில்லை என்பதால்தான் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாகிறது. மர்மத்தின் இயந்திரமே இதுதான்.

ஒரு சின்ன உதாரணம். பென்னின் மகள் ஆட்ரி, டிரைவர் ஓட்டும் காரில், தட்டையான கறுப்பு வெள்ளை ஷூ போட்டுப் பள்ளிக்கு வருகிறாள். தன் லாக்கர் முன் நின்று அதைக் கழற்றிவிட்டுச் சிவப்பு ஹை ஹீல்ஸ் மாட்டிக்கொள்கிறாள். வசனமே இல்லாமல் ஒரு பெண்ணின் இரண்டு வாழ்க்கையும் தெரிந்துவிட்டது. பத்துப் பக்க அறிமுகத்தை ஒரு ஜோடி செருப்பு மிச்சப்படுத்தும்.

8. இரட்டையைப் பொருளில் வையுங்கள், வசனத்தில் வைக்காதீர்கள்.

‘இந்த ஊருக்கு இரண்டு முகம் இருக்கு’ என்று உங்கள் போலீஸ்காரர் பேசினால், நீங்கள் எழுதத் தவறியதை அவர் ஈடுகட்டுகிறார் என்று பொருள். இங்கே அந்த வேலையைப் பொருள்கள் செய்கின்றன. இரண்டாக உடைத்த இதயப் பதக்கம், ஒரு பாதி லாராவிடம், மறுபாதி ஜேம்ஸிடம். நாட்குறிப்பு வீட்டில், பெட்டகம் வங்கியில். மலையில் டோனாவும் லாராவும் சிரித்து ஆடும் பிக்னிக் வீடியோ. அதை எடுத்தது யார்? கூப்பர் படத்தை நிறுத்தி லாராவின் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். கண்மணியில் ஒரு மோட்டார் பைக் தெரிகிறது.

இந்த ஒரு சீனில் எத்தனை வேலை நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். துப்பு கிடைத்துவிட்டது. செத்த பெண் முதல்முறையாக உயிரோடு அசைகிறாள். அவள் சந்தோஷத்துக்குள்ளேயே ஒரு ரகசியம் இருந்தது என்பதும் தெரிகிறது. ஒரு பொருள் ஒரே வேலையைச் செய்தால் அதை மாற்றுங்கள்.

லாராவாக நடித்த ஷெரில் லீ சியாட்டில் பக்கத்து நடிகை. பிணமாகக் கிடக்கவும் படங்களுக்கு நிற்கவும்தான் அவரை எடுத்தார்கள். இந்த வீடியோவில் அவர் ஆடியதைப் பார்த்த லிஞ்ச், அவரை விட மனமில்லாமல், நான்காவது எபிசோடில் லாராவின் ஒன்றுவிட்ட சகோதரி மேடியாகக் கொண்டுவந்தார். அதே முகம், கறுப்புக் கூந்தல். இரட்டை என்பது இந்தத் தொடரில் நடிகர் தேர்வு வரைக்கும் இறங்கியிருக்கிறது.

9. விசித்திரத்தைப் பார்த்து ஊர்க்காரர்கள் வியக்கக் கூடாது.

ஊர்க்கூட்டத்தில் ஒரு பெண்மணி மரக்கட்டையைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு, விளக்குச் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிறார். யார் அவர் என்று கூப்பர் கேட்கிறார். கட்டைக்காரம்மா என்று சொல்வோம் என்கிறார் ஷெரிஃப். விளக்கம் அதோடு சரி. கூட்டம் நடக்கிறது.

வங்கிப் பெட்டக அறையில் மேஜைமேல் ஒரு மான் தலை சாய்ந்து கிடக்கிறது. கீழே விழுந்துவிட்டது என்று வங்கிப் பெண் சொல்கிறாள். அவர்கள் வேலையைப் பார்க்கிறார்கள். ஊருக்கு அது பழகிப்போன விஷயம், நமக்குத்தான் புதிது. பாத்திரங்கள் எல்லாம் வாயைப் பிளந்தால் விசித்திரம் வித்தை காட்டுவதாகிவிடும்.

10. தற்செயலைத் தேடிப் போகாதீர்கள். வந்தால் விடாதீர்கள்.

பிணவறைக் காட்சியில் மேலே குழல்விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. அது திட்டமில்லை, விளக்கு உண்மையாகவே பழுது. மாற்ற வேண்டாம் என்றார் லிஞ்ச். அதே காட்சியில் கூப்பர் அங்கிருந்த ஊழியரை வெளியே போகச் சொல்கிறார். நடித்தவருக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. பெயரைக் கேட்கிறார்கள் என்று நினைத்து, ஜிம் என்கிறார். அந்த டேக்கையே வைத்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரியது ஃப்ராங்க் சில்வா கதை. அவர் செட் அலங்கரிப்பவர். லாராவின் படுக்கையறையில் சாமான்களை நகர்த்திக்கொண்டிருந்தவரைப் பார்த்து லிஞ்சுக்கு ஒரு பொறி தட்டியது. கட்டில் காலடியில் அவரை ஒடுங்கி உட்காரவைத்து, எதற்கென்று தெரியாமலே ஒரு ஷாட் எடுத்துக்கொண்டார். பிறகு சாரா அலறும் கடைசிக் காட்சியை எடுத்து முடித்ததும், கண்ணாடியில் யாரோ தெரிகிறார்கள், டேக் கெட்டுவிட்டது என்றார் கேமராவில் இருந்தவர். யார் என்று விசாரித்தால் அதே சில்வா. கெட்ட டேக்கை லிஞ்ச் தூக்கிப் போடவில்லை. பாப் என்ற, அந்தத் தொடரின் மிகப் பயங்கரமான பாத்திரம் அப்படித்தான் பிறந்தது.

கேட்கச் சுவையான கதை. ஆனால் நெல்லைக் காயப் போட்டவனுக்குத்தான் வெயில் உதவும். லாராவின் அறை, தாயின் பயம், சுவர்க் கண்ணாடி எல்லாம் ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததால்தான் அந்தப் பிரதிபலிப்புக்கு ஓர் அர்த்தம் வந்தது. ஸ்கிரிப்ட் இல்லாமல் செட்டுக்குப் போய்ப் பொறி தட்டும் என்று உட்கார்ந்திருந்தால், தட்டுவது தயாரிப்பாளர் கைதான்.

11. இசைக்கு இடம் விடுங்கள்.

ஏஞ்சலோ பதலமென்டி எலெக்ட்ரிக் பியானோ முன் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் லிஞ்ச் உட்கார்ந்து, இருண்ட காடு, காற்று, மரத்துக்குப் பின்னாலிருந்து வருகிற தனிமையான ஒரு பெண் என்று சொல்லச் சொல்ல, லாராவின் இசை பிறந்தது. இன்னும் மெதுவாக, இன்னும் மெதுவாக என்று லிஞ்ச் கேட்டுக்கொண்டாராம். முதலில் தாழ்ந்த சுரங்களில் இருட்டு. பிறகு மெல்ல ஏறி நெஞ்சை உருக்கும் ஓர் உச்சி. மறுபடி இருட்டுக்குள் இறக்கம். லாராவின் இரண்டு வாழ்க்கையும் அந்த ஒரே மெட்டுக்குள் இருக்கின்றன.

அது சில இடங்களில் அளவு மீறியும் ஒலிக்கிறது. சாதாரணக் காட்சிக்குப் பெரிய சோகம், சோகக் காட்சிக்கு விரலைச் சொடுக்கும் ஜாஸ். காட்சி ஒரு பக்கமும் இசை இன்னொரு பக்கமும் இழுக்கும்போது பார்ப்பவர் நடுவில் நிற்கிறார். காட்சி அழுதால் வயலினும் அழ வேண்டும் என்ற ரீ-ரெக்கார்டிங் பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டால் பாதிப் பிழைப்பு தேறும்.

12. கேள்வி ஒன்று, பொருள் இன்னொன்று. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

யார் கொன்றது என்பது கேள்வி. அது வண்டியை இழுக்கும். லாரா யார், இந்த ஊர் அவளை எப்படிப் பார்க்காமல் விட்டது என்பதுதான் பொருள். பைலட் முடியும்போது கேள்விக்கு அநேகமாக ஒரு பதிலும் இல்லை. ஆனால் லாராவை நமக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்காக வருத்தப்படவும் ஆரம்பித்துவிட்டோம்.

பின்னால் நடந்ததும் பாடம்தான். கொலைகாரன் யார் என்று சொல்லச் சொல்லிச் சேனல் நெருக்கியது. 1990 நவம்பர் 10 அன்று ஒளிபரப்பான எபிசோடில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு கதை நூலறுந்து திரிந்தது. 1991-இல், மொத்தம் 30 எபிசோடுகளோடு தொடர் நின்றது. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று லிஞ்ச் கடைசிவரை வருந்தினார். 1992-இல் லாராவின் கடைசி நாட்களைப் படமாக எடுத்தார். 2017-இல் 18 எபிசோடுகளோடு அதே ஊருக்குத் திரும்பினார். விடை சொன்ன பிறகும் அவர் அங்கே திரும்பத் திரும்பப் போனதற்குக் காரணம், அவருக்குப் பொருள் அந்தப் பெண்தான்.

13. ஃப்ராஸ்டை மறக்காதீர்கள்.

எல்லாரும் லிஞ்ச் லிஞ்ச் என்கிறார்கள். மார்க் ஃப்ராஸ்ட் ‘ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’ என்ற போலீஸ் தொடரில் எழுதிப் பழகியவர். பல குடும்பங்கள், பல கள்ள உறவுகள், ஒரு விசாரணை என்று இத்தனை நூலையும் சிக்காமல் பின்னுவதற்கு அந்தப் பயிற்சி வேண்டும். அடியில் இருப்பது சுத்தமான மெகா சீரியல் எலும்புக்கூடு. காதல், சொத்து, ஆலை, துரோகம், எல்லாம் உண்டு. அந்த எலும்பு திடமாக இருந்ததால்தான் லிஞ்சின் கனவுச் சதை நின்றது. கனவு காண்கிறவருக்குக் கணக்குப் போடத் தெரிந்த கூட்டாளி வேண்டும். உங்களுக்குள் அந்த ஆள் இல்லையென்றால் வெளியே தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

14. நகல் எடுக்காதீர்கள்.

சிவப்புத் திரை, பின்னோக்கிப் பேச்சு, புகை, ஆந்தை இவையெல்லாம் அவருடைய கனவில் வந்தவை. 2025 ஜனவரியில் அவர் காலமானார். கனவும் அவரோடு போயிற்று. அவர் வேலை செய்த விதத்தைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள முடியும். நிஜ ஊரைக் கட்டு, துக்கத்தை நேராகப் பார், யாரையும் ஒரே முகத்தோடு விடாதே, பொருளைப் பேசவிடு, அவசரப்பட்டு வெட்டாதே. இவ்வளவுதான் அந்த ஒன்றரை மணி நேரம்.

இன்று ராத்திரியே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கதையில் செத்துப்போகிற ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். யாருக்கு உதவினார், யாரிடம் பொய் சொன்னார், யார் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டார், காலையில் அவரைக் காணாமல் முதலில் தேடப் போவது யார் என்று எழுதுங்கள். அந்தப் பக்கத்தைப் படித்து உங்கள் நெஞ்சு கனத்தால் முதல் எபிசோடைத் தொடங்குங்கள். கனக்கவில்லையென்றால் கொலைகாரனைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு, அந்தப் பக்கத்தையே மறுபடியும் எழுதுங்கள்.